‘ஷை’ என்று எழுதியிருக்கலாம்

போன மாதம் ஒரு பின்னேரம் கஜந்தி தொலைபேசி எடுத்தாள். கிளிநொச்சிக் கந்தோரில் நான் இருந்துவிட்டு வந்த கதிரையில் இப்போது இருப்பவள் அவள்தான். சிறுவர் நன்னடத்தை உத்தியோகத்தர். கெட்டிக்காரப் பிள்ளை, ஆனால் எதற்கும் பொறுமை இல்லை. எனக்கும் அந்த வயதில் அதே குணம் இருந்தபடியால் அவளை எனக்குப் பிடிக்கும்.

“மிஸ், ஒரு சொல்லு கேக்கவேணும். ஒரு தாயைப் பற்றி ‘கூச்ச சுபாவம் உள்ளவர்’ எண்டு எழுதினனான். போன் அதை இங்கிலீசில ‘டிஃபிடென்ட்’ எண்டு மாத்தித் தருது. வடிவான சொல்லாக் கிடக்கு. அப்பிடியே விடட்டோ?”

“அழி,” என்றேன்.

“ஏன் மிஸ், பிழையோ?”

“பிழையில்லை. நல்ல சரியான சொல்லு. அதுதான் அழிக்கச் சொல்லுறன்.”

அந்தப் பக்கத்தில் சிரிப்புக் கேட்டது. ஓய்வெடுத்த பிறகு மிஸ்ஸுக்குக் கொஞ்சம் விசர்தான் என்று நினைத்திருப்பாள். பிறகு, “அப்ப அதை எங்களுக்கு எழுதித் தாங்கோவன் மிஸ், புதுசா வந்த ஆக்களுக்கும் உதவும்,” என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நெஞ்சு கனத்தது. ஏனென்றால் இது ஒரு சொல்லின் கதை மட்டும் இல்லை. ஒரு தாயிடம் பிள்ளை திரும்பி வருவதா இல்லையா என்ற விசயம். அந்தப் பிள்ளை வரவில்லை.

அந்தச் சொல்லை எனக்குத் தந்தவர் திருச்செல்வம் சேர். என்னுடைய முதல் மேலதிகாரி, கடைசி வரைக்கும் நான் பயந்த ஒரே மேலதிகாரி.

நான் ஸ்கந்தபுரத்துக்காரி. அப்பா யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து வயல் செய்தவர். பட்டதாரி நியமனத்தில் எனக்கு இந்த வேலை கிடைத்தது. கொழும்பில் சில மாதம் பயிற்சி தந்தார்கள். சட்டப் பிரிவுகளைப் பாடமாக்கினோம், பரீட்சை எழுதினோம், ஊருக்கு வரும் பஸ்ஸிலேயே பாதியை மறந்துபோனோம். வேலையைப் படித்தது சேரின் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் என்னுடைய ஸ்கூட்டரில் புழுதி தின்றுகொண்டு போனபோதுதான்.

சேர் யாழ்ப்பாணத்துப் பழைய பாடசாலை ஒன்றில் ஆங்கிலம் படித்தவர். மெலிந்த உடம்பு, வெள்ளைக் காற்சட்டை, கழுத்து வரை பூட்டிய சேட். மத்தியானம் சாப்பிட்டு முடிந்தால் மற்றவர்கள் பத்திரிகை பார்ப்பார்கள், அவர் ஆங்கில அகராதியைத் திறந்துவைத்து வாசிப்பார். எங்கேயோ தொடங்கி எங்கேயோ முடியும். ஒரு சொல் பிடித்துப்போனால் தனக்குள் சிரிப்பார். இந்த மனுசனுக்கு வேறு வேலை இல்லையோ என்று தட்டெழுத்துக்காரி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவாள். யாரையும் அவர் ‘நீ’ என்றதில்லை. மூன்று வயதுப் பிள்ளையிடமும், “நீங்கள் சாப்பிட்டியளோ?” என்றுதான் கேட்பார். பிள்ளை திரும்பித் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கும்.

வீடு பார்க்கப் போவதென்றால் அவருக்கு ஒரு முறை இருந்தது. ஒழுங்கைத் தொடக்கத்திலேயே மோட்டார் சைக்கிளை நிற்பாட்டி உருட்டிக்கொண்டு வருவார். அரசாங்க மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் சனம் வீட்டைக் கூட்டத் தொடங்கிவிடும், அதற்குப் பிறகு நாங்கள் பார்ப்பது அந்த வீட்டை இல்லை என்பார். படலையில் நின்று கூப்பிடுவார். உள்ளே வரச் சொல்லும் வரைக்கும் வெயிலில் நிற்பார். போய் இருந்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்பார். தாகம் இல்லாவிட்டாலும் கேட்பார். தண்ணீர் எங்கே இருந்து வருகிறது, குடம் மூடியிருக்கிறதா, எந்தக் கோப்பையில் தருகிறார்கள், அந்தக் கோப்பையோடு வேறு எத்தனை கோப்பை இருக்கிறது என்று தண்ணீர் வரும் நேரத்துக்குள் பார்த்து முடித்துவிடுவார். பிறகு உடுப்புக் கொடியைப் பார்ப்பார். ஒரு வீட்டில் யார் யார் இருக்கினம் என்று வாய் பொய் சொல்லும், கொடி சொல்லாது என்பது அவருடைய கணக்கு.

கேள்வி ஒன்றுதான் கேட்பார். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். எனக்கு அந்த மௌனத்தைத் தாங்க ஏலாது. இடையில் புகுந்து, “உங்களுக்குக் கஷ்டம்தானே, தனிய இருக்கிறீங்கள்தானே?” என்று ஏதாவது எடுத்துக் கொடுப்பேன். திரும்பி வரும்போது சேர் சொல்லுவார்: “தங்கச்சி, நீங்கள் கேள்வியோட மறுமொழியையும் சேத்துக் குடுக்கிறியள். பிறகு அந்த மனுசி உங்கட மறுமொழியை உங்களுக்கே திருப்பித் தருது. அதை எழுதிக்கொண்டு போறியள்.”

அறிக்கையில் அடைமொழிகளைக் கண்டால் நீலப் பென்சிலால் வெட்டுவார். ‘ஏழைக் குடும்பம்’ என்று எழுதினால், “ஏழை எண்டால் என்ன? என்ன கண்டனீங்கள்?” என்பார். அரிசி வாளியின் அடியில் கொஞ்சம்தான் இருந்தது என்பேன். “அப்ப அதை எழுதுங்கோ.” ‘பொறுப்பான பாட்டன்’ என்றால், “என்ன செய்தவர்?” பிள்ளையைச் சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிறவர் என்பேன். “அது போதும்.” அடைமொழி விசயத்தில் அவர் மகா கருமி. அப்படிப்பட்டவர் ஒரே ஒரு தடவை கைவிட்டு ஒரு அடைமொழி போட்டார். அது இப்படியாய்ப் போய்விட்டதே என்றுதான் எனக்கு இன்னும் ஆறாமல் இருக்கிறது.

மீள்குடியேற்றம் முடிந்த காலம். அக்கராயன் குளத்துக்கு அப்பால் ஒரு தகரக் கொட்டிலில் லெட்சுமி இருந்தாள். அவளுடைய தாய் தகப்பன் மலையகத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்தவர்கள். இவள் இங்கே பிறந்து வளர்ந்தவள், ஆனாலும் வீட்டுப் பேச்சு தோட்டத்துப் பேச்சுத்தான். மற்றவர்களின் வயலில் களை பிடுங்குவாள், கச்சான் கடலை பிடுங்குவாள். எங்களுடைய ஆட்கள் அந்தச் சனத்தை எப்படி நடத்தினார்கள் என்று நான் மறைக்கப் போவதில்லை. என் வீட்டிலேயே வயலுக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி வேறு கோப்பையில்தான் போனது.

கடைசிச் சண்டையில் லெட்சுமியின் புருசன் செத்துப்போனான். அவளுக்குக் காலில் காயம். அவளை ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், கையில் இருந்த மகளை வேறு பிள்ளைகளோடு வேறு பக்கம் கொண்டுபோனார்கள். பிள்ளையின் பெயர் தர்ஷினி. தாய் நடக்கத் தொடங்கித் தேடிக் கண்டுபிடித்தபோது பிள்ளை வவுனியாவில் ஒரு சிறுவர் இல்லத்தில் இருந்தது. அதைக் கொழும்பில் இருந்து ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்தியது. நீதிமன்றக் கட்டளைப்படி பிள்ளை அவர்களின் பொறுப்பில். திரும்ப எடுப்பதென்றால் நாங்கள் வீடு பார்த்துச் சிபாரிசு செய்ய வேண்டும், ஸ்தாபனத்தின் சபை சம்மதிக்க வேண்டும், பிறகு நீதவான் கட்டளை போட வேண்டும். சபைக்குப் போகிற கடிதம் எல்லாம் ஆங்கிலத்தில்தான் போகும்.

நாங்கள் போன அன்று லெட்சுமி பாய் ஒன்றை உதறிப் போட்டுவிட்டுத் தான் கூரையைத் தாங்கிய கப்போடு ஒதுங்கி நின்றாள். சேர் தண்ணீர் கேட்டார். தட்டில் இரண்டு கோப்பைகள் இருந்தன. ஒன்று பெரியது. மற்றது முயல் படம் போட்ட சின்னக் கோப்பை, புதுசு. பெரியதில் சேருக்குத் தண்ணீர் தந்தாள். எனக்குத் தர வேறு கோப்பை இல்லை, சின்னதைத் தொடவும் அவளுக்கு மனமில்லை. பெரியதைக் கழுவி எனக்கும் அதிலேயே தந்தாள்.

சேர் தன்னுடைய ஒரு கேள்வியைக் கேட்டார். “பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வர உங்களுக்கு விருப்பமோ அம்மா?”

“ஐயா சொன்னா சரிங்க.”

சேர் சும்மா இருந்தார். எனக்கு வாய் துறுதுறுத்தது.

“அங்க நல்லா சாப்பாடு குடுக்குறாங்க. இங்கிலீசெல்லாம் படிக்குது. இங்க வந்தாலும் சரிங்க.” நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். பிறகு, “அது இஷ்டம்ங்க,” என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற தாய் பேசுகிற பேச்சா இது? ஓம், வேணும் என்று ஒரு சொல் சொல்ல இவளுக்கு என்ன கேடு? சேர் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். லெட்சுமியின் சேலை ஒன்று காய்ந்தது. பக்கத்தில் ஒரு சின்னச் சட்டை, ரோஸ் நிறம், இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“இது ஆற்ற சட்டை அம்மா?”

“அதோடதுங்க. வந்தா போடலாம்னு வாங்கி வச்சேன். பொட்டில வச்சா பூச்சி அரிச்சுரும்ங்க. அதான் அப்பப்ப அலசிப் போடுறது.”

திரும்பி வரும்போது குளக்கட்டில் சேர் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டினார். நான் பொரிந்து தள்ளினேன். “சேர், அந்த மனுசிக்குப் பிள்ளையில அக்கறையே இல்லைப்போல. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இங்க தாயே அழுகுதில்லை, நாங்கள் என்னத்தைச் சிபாரிசு செய்யிறது?”

“அக்கறை இல்லாதவள் ஒரு தரமும் போடாத சட்டையைத் தோய்ப்பாளோ?” என்றார். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, “டிஃபிடென்ட்,” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் விளங்கப்படுத்தினார். அந்தக் குரல் இப்போதும் காதில் இருக்கிறது. “விருப்பம் இல்லாத ஆளைச் சொல்லுற சொல்லு இல்லை இது. விருப்பம் நெஞ்சு முட்ட இருக்கு. ஆனால் அதைக் கேக்கிறதுக்குத் தனக்கு உரிமை இருக்கு எண்டு நம்பிக்கை இல்லை. தன்னில தனக்கு நம்பிக்கை இல்லாத ஆள். அந்தச் சொல்லின்ர வேரே நம்பிக்கைதான். தோட்டத்தில துரைக்கு முன்னால நிண்டு ‘எனக்கு வேணும்’ எண்டு சொன்ன சனமில்லை தங்கச்சி அவை. ‘நீங்க சொன்னா சரி’ எண்டு சொல்லித்தான் மூண்டு தலைமுறை பிழைச்சது. அவள் எங்களுக்கு ஓம் எண்டுதான் சொன்னவள். எங்களுக்குத்தான் கேக்கேல்லை.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதோடு அந்தச் சொல்லின் மேல் ஒரு ஆசையும் வந்தது. ஒரு முழு மனுசியை ஒரு சொல்லுக்குள் வைக்கலாம் என்று அன்றுதான் கண்டேன்.

சேர் ஆங்கில அறிக்கையைத் தன் கையால் எழுதினார். கோப்பை, சட்டை, காயப்பட்ட கால், களை பிடுங்கும் வேலை, கிணற்றுத் தூரம் என்று கண்டது எல்லாம் இருந்தது. பிள்ளையைத் தாயிடம் கொடுக்கலாம் என்று சிபாரிசு இருந்தது. அதற்கு முன்னால் தனியே ஒரு வசனம்: ‘தாய் டிஃபிடென்ட்.’ அவ்வளவுதான், முற்றுப்புள்ளி.

தட்டெழுத்துப் பிரதியைச் சரிபார்த்தபோது நான் கேட்டேன். “சேர், இது அவையளுக்கு விளங்குமோ? ‘ஷை’ எண்டு போட்டால் ஆருக்கும் விளங்கும்.”

“ஷை எண்டது பொம்பிளை பாக்க வந்தால் குசினிக்குள்ள ஓடுற பிள்ளை. இது அது இல்லை.”

“அப்ப எதைப் பற்றி எண்டாவது ஒரு வரி சேப்பம் சேர். ‘கேக்கிறதுக்கு’ எண்டு.”

“தேவையில்லை. இங்கிலீஷ் தெரிஞ்ச ஆக்கள். சொல்லு நிக்குது.”

சொல் நிற்கவில்லை. சபையின் பதில் வந்தது. தாய் ‘இன்டிஃபரென்ட்’ என்று அதிகாரியே குறிப்பிட்டிருப்பதால், பிள்ளையில் அக்கறை இல்லாத ஒருவரிடம் பிள்ளையைத் திருப்பி ஒப்படைப்பது பிள்ளையின் நன்மைக்கு உகந்ததல்ல என்று எழுதியிருந்தார்கள். அடுத்த வருட மீளாய்வில் பார்க்கலாமாம்.

யாரோ ஒரு ஆள் அவசரமாய் வாசித்திருக்கிறார். தனக்குத் தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொண்டார். எழுதத் தொடங்கிய எழுத்து வேறு, ஆனால் நடுவில் ஒரே மாதிரித்தானே கேட்கிறது. கண்டறியாத இங்கிலீசு! மற்றப் பக்கங்களில் கோப்பை இருக்கிறது, சட்டை இருக்கிறது. அதையெல்லாம் யார் வாசித்தார்கள்?

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டி மறுபடி வாசித்தார். முகம் சிவந்துவிட்டது.

“சேர், ஒரு சின்னக் கடிதம் போடுவம். தாய்க்குப் பிள்ளை வேணும், வாய்விட்டுக் கேக்கக் கூச்சப்படுறா எண்டு. இண்டைக்கே போடுவம்.”

அவர் அதைச் செய்யவில்லை. ஒரு முழுப் பக்கக் கடிதம் எழுதினார். இந்த இரண்டு அடைமொழிகளுக்கும் உள்ள வேறுபாடு என்ன, இரண்டும் லத்தீனின் எந்த வேர்களில் இருந்து வந்தன, முதலாவதை எந்த இடத்தில் பாவிப்பது, இரண்டாவதை எந்த இடத்தில் பாவிப்பது என்று வகுப்பு எடுத்தார். வாசிக்க அருமையான கடிதம். லெட்சுமியின் பெயர் அதில் கடைசி வரியில்தான் வந்தது. நான் தட்டெழுத்துக்குக் கொடுத்துவிட்டு, கொழும்புக்காரருக்கு இங்கிலீஷ் படிப்பித்தால் விட்டுவிடுவார்களா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விடவில்லை. மொழி சம்பந்தமான உங்கள் கருத்துகள் கவனத்தில் எடுக்கப்பட்டன, தீர்மானத்தில் மாற்றம் இல்லை என்று பதில் வந்தது. சேரைப் பற்றி மேலிடத்துக்கும் முறைப்பாடு போனது. சேர் அதற்குப் பிறகு லெட்சுமியின் ஃபைலைத் திறக்கவே கூச்சப்பட்டார். அவரும் அந்தச் சொல்லுக்குள் போய்விட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

லெட்சுமிக்குச் சொல்லப் போனது நான். இன்னும் ஒரு வருசம் பார்க்கவேண்டும் என்று சொன்னேன். என்ன காரணம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

“சரிங்க,” என்றாள். பிறகு கொடியைப் பார்த்து, “அப்ப அந்தச் சட்டை பத்தாம போயிருமேங்க,” என்றாள்.

ஒரு வருடம் என்றது ஒரு வருடத்தில் முடியவில்லை. சபை கூடவில்லை, வழக்குத் தவணை தள்ளிப்போனது, இல்லத்துப் பொறுப்பாளர் மாறினார். இதற்கிடையில் சேர் ஓய்வு பெற்றுவிட்டார். கடைசியில் சபையில் இருந்து ஒரு அம்மா நேரே வவுனியாவுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பதாக அறிவித்தார்கள். கொழும்பில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், நல்ல மனுசி, கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இந்த முறை நான் அறிக்கையில் ஒரு அடைமொழியும் போடவில்லை. தாய் பிள்ளையைக் கேட்கிறார் என்று எழுதினேன்.

பஸ்ஸில் லெட்சுமியைப் பக்கத்தில் இருத்திப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். “இஞ்ச பாருங்கோ லெட்சுமி. அவ கேட்டால் ‘நீங்க சொன்னா சரி’ எண்ட கதை வேண்டாம். வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும். ‘எனக்கு என்ர பிள்ளை வேணும்’ எண்டு சொல்லுங்கோ. எங்க, சொல்லுங்கோ பாப்பம்.”

“அப்புடி கேட்டா மரியாதையா இருக்குங்களா மிஸ்?”

“மரியாதையைப் பிறகு பாப்பம். சொல்லுங்கோ.”

மாங்குளம் தாண்டும் வரைக்கும் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

இல்லத்து மண்டபத்தில் அந்த அம்மா கேட்டார். லெட்சுமி எழும்பி நின்றாள். கைகளைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் தேவாரம் சொல்லும் குரலில், “எனக்கு என்ர புள்ள வேணும்,” என்றாள். ‘என்ர’ என்று எங்கள் பேச்சில் சொன்னாள். ‘புள்ள’ மட்டும் அவளுடையது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சபை அம்மாவின் முகம் மலர்ந்தது. இனி எல்லாம் சரி என்று நினைத்தேன்.

பிறகு தர்ஷினியைக் கூப்பிட்டார்கள். எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல், வெள்ளைச் சட்டை, சுத்தமான பிள்ளை. தாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றது, ஆனால் தொடவில்லை.

“அம்மாவோட வீட்டுக்குப் போக உங்களுக்கு ஆசையா, மகள்?”

பிள்ளை நிலத்தைப் பார்த்தது. “நீங்க சொன்னா சரி, மிஸ்.”

நான் லெட்சுமியைப் பார்த்தேன். அவள் பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். நல்ல பிள்ளையாக மறுமொழி சொல்கிறது என்ற சந்தோசம் அவளுக்கு. அந்த மண்டபத்தில் அவளுக்கும் எனக்கும்தான் அந்தப் பிள்ளை ஆசையாக ஓம் என்று சொன்னது கேட்டது. சபை அம்மா பேனையை மூடினார். “பிள்ளைக்கு விருப்பம் இல்லைப் போல. இங்க நல்லாப் பழகிட்டா. வற்புறுத்தக் கூடாது.”

“இல்லை மிஸிஸ், அது ஓம் எண்டுதான் சொல்லுது. அவை அப்பிடித்தான் சொல்லுறவை,” என்றேன்.

“ஆசை இருந்தா பிள்ளை சொல்லுமே.”

டிஃபிடென்ட் என்று சொல்ல வாய் வந்தது. தமிழில் அதற்கு நிகரான ஒரு சொல்லைத் தேடினேன். கூச்சம் இல்லை, தயக்கம் இல்லை, அடக்கம் இல்லை. எல்லாம் பக்கத்தில் வந்து நின்றன, ஒன்றும் உள்ளே போகவில்லை. நான் சொல்லைத் தேடி முடிப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

அன்று பின்னேரமே சேரின் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். பிள்ளை சொன்ன வசனத்தைச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டார். கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிற அவருடைய பழக்கத்தில், கேள்வி எதுவும் கேட்காமலே நெடுநேரம் சும்மா இருந்தார்.

“அண்டைக்கு நான் ‘ஷை’ எண்டு எழுதியிருக்கலாம் தங்கச்சி,” என்றார்.

நான் இல்லை சேர் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், ஒரு வயது போன மனுசனுக்கு ஆறுதலுக்காகவாவது. அதுதான் அவரிடம் நான் கேட்ட கடைசிப் பெரிய கதை. பிறகு நோயில் விழுந்துபோனார்.

தர்ஷினி இல்லத்திலேயே படித்து முடித்தாள். லெட்சுமி மாதம் ஒரு தடவை போய், மாமரத்தடி வாங்குப் பலகையில் மகளோடு பக்கத்தில் இருந்துவிட்டு வருவாள். ஒருவரை ஒருவர் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொள்வார்கள். அந்தப் பிள்ளைக்குத் தாய் தலை இழுத்துப் பின்னிவிட்டிருக்க வேண்டிய வருடங்கள் எல்லாம் அந்த வாங்கில் போயின. நல்ல சோறு கிடைத்தது, நல்ல படிப்புக் கிடைத்தது, யாரும் அவளுக்குக் கொடுமை செய்யவில்லை. ஆனாலும் எனக்கு மனம் கேட்கவில்லை. யாரைக் கோபிப்பது என்று தெரியாத கோபம் சாகும் வரைக்கும் போகாது போலிருக்கிறது.

இவ்வளவையும் எழுதி, இனி எப்படி முடிப்பது என்று தெரியாமல் மேசையில் வைத்துவிட்டேன். கஜந்தியும் இரண்டு தரம் கேட்டுவிட்டாள். அப்போதுதான் தர்ஷினியின் அழைப்பு வந்தது. அவள் இப்போது வவுனியாவில் ஒரு மருந்துக் கடையில் வேலை. பேச்சும் எங்கள் பேச்சாகவே மாறிவிட்டது.

“மிஸ், கிளிநொச்சிக் கடைக்கு என்னை மாத்துகினம். அறை எடுக்கலாம். இல்லாட்டி அம்மாவோட இருந்து பஸ்ஸில போய் வரலாம். அம்மாட்ட ஒருக்கா கேட்டுச் சொல்லுங்கோவன், நான் வந்து இருக்கலாமோ எண்டு.”

“ஏன், உனக்கு வாய் இல்லையோ? நீயே கேளன்.”

“நான் கேட்டால் அவ எனக்காக ஓம் எண்டு சொல்லிப்போடுவா. உண்மையா விருப்பமோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? ஒரு நாளும் வா எண்டு கூப்பிடேல்லையே.”

“நீ வாறன் எண்டு சொன்னனியோ?”

“இல்லை மிஸ். அவவுக்குக் கரைச்சலா இருக்குமோ எண்டு…”

ஏசவேண்டும் போல இருந்தது. தாயும் மகளும் இப்படி ஆளுக்கொரு கரையில் நின்றால் நான் என்ன தோணியா? ஆனாலும் அடுத்த நாளே அக்கராயனுக்குப் போனேன். லெட்சுமிக்கு வீட்டுத் திட்டத்தில் கல்வீடு கிடைத்திருந்தது. வாசலில் இருந்து கச்சான் உடைத்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது. எழும்பிக் கதிரையைத் துடைத்துப் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள். இப்போது அவளிடம் ஒரே மாதிரியான நாலு கோப்பைகள் இருக்கின்றன.

சேரின் முறைப்படி ஒரே கேள்வி கேட்டேன். “தர்ஷினி வந்து உங்களோட இருக்கட்டோ எண்டு கேக்கிறாள். என்ன சொல்லுறியள்?”

கச்சான் கோதை மடியில் இருந்து தட்டினாள். மறுபடி எடுத்து உடைத்தாள். நானும் சும்மா இருந்தேன். இந்த வயதில்தான் எனக்கு அது வந்திருக்கிறது.

“அது இஷ்டம்ங்க,” என்றாள்.

படலை வரைக்கும் வந்து வழியனுப்பினாள். ஒழுங்கை முடக்கில் ஸ்கூட்டரை நிற்பாட்டித் தொலைபேசியை எடுத்தேன். ஒரு சொல்லைச் சரியாகப் போட்டுத்தான் இவ்வளவும் நடந்தது, இனிச் சரி பிழை பார்ப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன்.

“தர்ஷினி, அம்மா உன்னை உடன வரட்டாம்.”

நான் இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

“என்ன பிள்ளை, கேக்குதோ? வீட்டை வந்து தன்னோட இருக்கட்டாம். நல்ல ஆசையாச் சொன்னவா.”

“அம்மா அப்பிடிச் சொல்லியிருக்கமாட்டா, மிஸ்.” குரல் சிறுத்துவிட்டது. “எனக்காகச் சொல்லாதேங்கோ. அவ சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ.”

இதையும் கெடுத்துவிட்டேனே என்று பயந்துபோனேன். ஒளிக்க வழி இருக்கவில்லை.

“‘அது இஷ்டம்ங்க’ எண்டு சொன்னவா.”

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கடையில் யாரோ மருந்து கேட்பதும், இவள் பொறுங்கோ அண்ணை என்பதும் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

“அப்ப வாறன், மிஸ்.”